அன்றாட வாழ்வும் மன அழுத்தமும்

மக்கள் வாழ்வில் துன்பம் இருவகையாய் வந்து சேர்கின்றது. ஒன்று ஊரறிய வருவது. மற்றொன்று ஒருவரும் அறியாமல் வருவது. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்துவிடின் உற்றாரும் ஊராரும் வந்து கூடுகின்றனர். அடுப்பு மூட்டாத அந்நாட்களில் அண்டை வீட்டார் சோறு கொணர்ந்து தருகின்றனர். அலுவலகத்தார் விடுப்பு நல்குகின்றனர். போதகரோ ஊர்ப்பெரியவரோ அருகிருந்து ஆறுதல் கூறுகின்றனர். துன்பம் பெரிதாயினும் அதனைத் தாங்குதற்குப் பல தோள்கள் உள. ஆனால், விடியற்காலையில் குழாயில் நீர் வாராமை, வரவேண்டிய பேருந்து வாராமை, கட்டவேண்டிய கட்டணத்திற்குப் பணம் போதாமை, இரவு பத்து மணிக்குக் கைபேசியில் வந்து விழும் மேலதிகாரியின் கட்டளை, என்று வெளிவரும் என்று எவர்க்கும் தெரியாத பரீட்சை முடிவு ஆகிய இவற்றிற்காக எவரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. பட்டவர் தாமே பட்டுத் தாமே ஆறவேண்டும். ஆறுமுன் மறுநாள் விடிந்துவிடுகின்றது. இவ்விரண்டாம் வகைத் துன்பத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுந்தாம்.

இத்தகைய தொல்லைகளால் களைத்துப்போன இளைஞன் ஒருவனை நோக்கி, ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று கூறிவிடுதல் உலக வழக்கு. தம் காலத்தில் பல கல் தொலைவு நடந்து பள்ளி சென்றதையும், தெருவிளக்கின் கீழ் இருந்து படித்ததையும் பெரியோர் எடுத்துரைப்பர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் பட்ட பாடு பெரிதுதான். ஆயினும், சென்ற நூறாண்டுக் காலத்தில் உடலியலாரும் உளவியலாரும் நிகழ்த்திய ஆராய்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வேலையின் மிகுதி மனிதனை அழுத்துவதினும், அவ்வேலை எப்பொழுது வரும் என்று அறியாமையும், அதன்மேல் தன் கை செல்லாமையும், அதற்கு ஒரு முடிவு காணாமையும் அவனை மிகுதியாய் அழுத்துகின்றன. பல கல் தொலைவு நடந்தவருக்குப் பள்ளி எங்கே இருக்கின்றது என்பதாவது தெரிந்திருந்தது.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘மன அழுத்தம்’ என்று நாம் இன்று வழங்கும் சொல், ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வந்தது. பௌதிக நூல் பயின்ற மாணவர் அதே சொல்லைத் ‘தகைவு’ என்றும், அதனால் பொருளில் உண்டாகும் மாறுதலைத் ‘திரிபு’ என்றும் படித்திருப்பர். இரும்புக் கம்பி ஒன்றிற் பளுவைத் தொங்கவிட்டால் கம்பியுள் எழுவது தகைவு; கம்பி நீளுதல் திரிபு. இச்சொல்லை உயிர்களின்பால் ஏற்றிப் பரவச் செய்தவர், வியன்னாவிற் பிறந்து கனடா நாட்டு மான்ட்ரீல் நகரில் ஆராய்ச்சி நிகழ்த்திய ஹான்ஸ் செலியே என்பார். குளிர், காயம், நஞ்சு, மிகையுழைப்பு என எலிகளுக்கு எத்தகைய இடுக்கண் விளைத்தாலும், அவற்றின் உடலுள் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுதலை அவர் கண்டார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் பெருத்தன. இரைப்பையிற் புண் தோன்றிற்று. இதனை அவர் 1936-இல் வெளியிட்டார். ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நம்மவருட் பலர் மனச்சோர்வு என்னும் நோயையும் மன அழுத்தம் என்றே அழைக்கின்றனர். நோய் வேறு, அழுத்தம் வேறு. அழுத்தம் எல்லார்க்கும் உண்டு.

செலியேக்கு முன்னரே, அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உடலியற் பேராசிரியராய் இருந்த வால்ட்டர் கானன் என்பார், அச்சமும் சினமும் உடம்பில் செய்யும் வேலைகளை ஆராய்ந்து 1915-இல் நூலாக்கினார். இருட்டில் நடந்து செல்கின்றான் ஒருவன். தெரு நாய் ஒன்று உறுமிக்கொண்டு பாய்கின்றது. அந்நொடியில் அவன் உடம்பிற் பெரியதோர் ஏற்பாடு நிகழ்ந்துவிடுகின்றது. அட்ரினலின் என்னும் சுரப்பு நீர் குருதியிற் கலக்கின்றது, நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, குருதி குடலை விட்டுக் கைகால் தசைகளுக்கு ஓடுகின்றது, வாய் உலர்கின்றது. ஓடுதற்கோ கல்லெடுத்தற்கோ வேண்டியன யாவும் ஆயத்தமாகின்றன. சற்றுப் பின்னர்க் கார்ட்டிசால் என்னும் மற்றொரு நீர் சுரந்து, குருதியிற் சர்க்கரையை மிகுவித்து அவ்வாயத்தத்தை நீட்டித்து வைக்கின்றது. நாய் போய்விடின், அரைமணியிலோ ஒரு மணியிலோ எல்லாம் பழைய நிலைக்கு மீளும். உயிரைக் காத்தற்கு இயற்கை அமைத்த இவ்வேற்பாட்டில் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை.

இடர் எங்கே வருகின்றதெனின், வங்கியிலிருந்து வந்த கடன் நினைவூட்டலைப் படிக்கும்பொழுதும் உடம்பு இதனையே செய்கின்றது. துறைத் தலைவர் அழைக்கின்றார் என்று ஏவலர் வந்து சொல்லும்பொழுதும் அவ்வாறே. கடிதத்தைக் கண்டு ஓடவும் இயலாது. துறைத் தலைவர்மேற் கல்லெறியவும் இயலாது. ஆயத்தம் செய்த உடம்பு ஆயத்தமாகவே நின்றுவிடுகின்றது. நாய் போய்விடும், கடிதம் போகாது. நாள்தோறும் இங்ஙனம் நிற்கும் உடம்பில் குருதியழுத்தம் ஏறுகின்றது; உறக்கம் கெடுகின்றது; நோயை எதிர்க்கும் ஆற்றல் தளர்கின்றது.

இது வெறும் ஊகம் என்று கருதற்க. இங்கிலாந்தில் நலமுடன் இருந்த 394 பேருக்கு அவர்தம் ஒப்புதல் பெற்று, சளிநோய்க் கிருமி கலந்த நீரை மூக்கில் விட்டு ஆராய்ந்தனர். முடிவு 1991-இல் வெளியாயிற்று. அழுத்தம் மிகக் குறைந்திருந்தாருள் நூற்றுக்கு 27 பேர் அளவிலும், மிக்கிருந்தாருள் நூற்றுக்கு 47 பேர் அளவிலும் சளி கண்டது. மாணவர்க்கு இதனினும் அணுக்கமான சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல் மருத்துவம் பயின்ற மாணாக்கர் 11 பேருடைய மேலண்ணத்தில், கோடை விடுமுறையில் ஒருமுறையும் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னர் ஒருமுறையும் ஒரே அளவான சிறு புண் செய்து, அஃது ஆறும் நாட்களை எண்ணினர். 1998-இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, பரீட்சைக் காலத்துப் புண் ஆறுதற்கு நூற்றுக்கு 40 பங்கு மிகுதியான காலம் ஆயிற்று. ஒருவர்க்கேனும் விடுமுறைக் காலத்தைப் போல் விரைந்து ஆறவில்லை. பரீட்சைக் காலத்தில் நம் விடுதியில் இருமலும் வயிற்றுப்போக்கும் பெருகுதலைக் கண்டு, சமையற்காரரை மட்டும் குறை கூறுவோர் இதனைக் கருதுக. சமையற்காரர்பாற் குறையே இல்லை என்றும் யாம் சொல்ல வரவில்லை.

இனி, பெரிய துன்பமோ சிறிய தொல்லையோ, எது மிகுதியாய் அழுத்துவது? ஹோம்ஸ், ரே என்னும் இரு மருத்துவர் 1967-இல் ஓர் அட்டவணை வகுத்தனர். வாழ்வில் நேரும் 43 மாறுதல்களை நிரல்படுத்தி ஒவ்வொன்றற்கும் ஓர் எண் கொடுத்தனர். வாழ்க்கைத் துணையை இழத்தற்கு 100, திருமணத்திற்கு 50, பள்ளி மாறுதற்கு 20. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் 12 இட்டிருக்கின்றனர்! டிசம்பர் மாதத்தில் வீட்டிற்கு வெள்ளையடித்து, பலகாரம் சுட்டு, புத்தாடை எடுத்து, பாட்டுப் பயிற்சிக்கும் சென்று வரும் தாய்மார் அவ்வெண் மிகக் குறைவு என்பர். மகிழ்ச்சி தரும் மாறுதலும் உடம்பிற்கு ஒரு பளுவே என்பதை இவ்வட்டவணை காட்டிற்று.

அட்டவணை பெரும்புகழ் பெற்றதாயினும், அதனால் விளங்காதன பல இருந்தன. பெருநிகழ்ச்சி ஒன்றும் நேராத ஆண்டிலும் மக்கள் நலிந்தனர். ஆதலின் ரிச்சர்டு லாசரஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும், நடுவயதினர் நூற்றுவரைக் கொண்டு பல மாதம் அவர்தம் அன்றாடத் தொல்லைகளை எழுதச் செய்து, 1981-இல் முடிவை வெளியிட்டனர். உள்ளத்தின் நலிவை அளவிடுதற்குப் பெருநிகழ்ச்சிகளைக் காட்டினும் இச்சிறு தொல்லைகளே நல்ல அளவுகோலாய் இருந்தன. அவர்கள் எழுதியவற்றுள் அடிக்கடி வந்தவை எவை? உடற்பருமன், வீட்டார் ஒருவருடைய நோய், பண்டங்களின் விலையேற்றம், வீட்டைப் பழுதுபார்த்தல், செய்யவேண்டிய வேலைகளின் பெருக்கம், வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லாமை. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட இப்பட்டியலை நம் தெருவில் ஒருவர் படிப்பின், இதனைத் தம் வீட்டில் இருந்தே எழுதினர் என்று கருதுவர்.

ஆயினும் ஒரே தொல்லை ஒருவரை நலித்து மற்றொருவரை விட்டுவிடுதல் எற்றுக்கு? இதுவே ஆராய்ச்சிக்குரிய வினா. இதற்கு விடை கண்டவை எலிகள். ஜே வைஸ் என்னும் அறிஞர் எலிகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒரு கூட்டில் அதிர்ச்சிக்கு முன்னர் ஓர் ஒலி எழும். மற்றொரு கூட்டில் எழாது. அதிர்ச்சி இரண்டிற்கும் ஒன்றே. ஒலி கேட்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் குறைவாகவும், கேளாதவற்றிற்கு மிகுதியாகவும் உண்டாயின. ஒலி எழாத நேரமெல்லாம் முதற் கூட்டு எலிகளுக்கு ஓய்வு. மற்றைக் கூட்டிற்கோ எந்நேரமும் அச்சம். சக்கரம் ஒன்றைச் சுழற்றி அதிர்ச்சியைத் தானே நிறுத்தவல்ல எலி, அங்ஙனம் செய்யவியலாமல் அதே அதிர்ச்சியை ஏற்ற எலியினும் குறைவாகவே நலிந்தது.

மனிதர் எலிகள் அல்லரே எனின், கிளாஸ், சிங்கர் என்னும் இருவர் மனிதர்மேல் நிகழ்த்திய சோதனையைக் காண்க. அறையில் ஒருவரை இருத்தி, காதைத் துளைக்கும் இரைச்சலை எழுப்பி, அவ்விரைச்சலினூடே சில வேலைகளைச் செய்யுமாறு பணித்தனர். சிலர்க்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, ‘வேண்டுமாயின் இதனை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம், நிறுத்தாமல் இருத்தல் எமக்கு உதவியாகும்’ என்ற கருத்துப்படக் கூறினர். அவர்களுட் பெரும்பாலார் பொத்தானைத் தொடவேயில்லை. இரைச்சல் ஓய்ந்தபின், கடினமான புதிர்களையும் பிழை திருத்தும் வேலையையும் எல்லார்க்கும் கொடுத்துப் பார்த்தபொழுது, பொத்தான் இருந்தவர் பொறுமையுடன் நெடுநேரம் முயன்றனர். இல்லாதவர் விரைவிற் கைவிட்டனர். நிறுத்தலாம் என்னும் நினைவு ஒன்றே இத்துணை வேறுபாடு செய்தது. சீராக வந்த இரைச்சலினும், எப்பொழுது வரும் என்று அறியாமல் விட்டுவிட்டு வந்த இரைச்சல் மிகக் கெடுதி செய்ததையும் அவர்கள் கண்டு 1972-இல் நூலாக எழுதினர்.

நம் ஊர்களிற் பொத்தான் இல்லாத இரைச்சலுக்குக் குறைவில்லை. ஒலிமாசு பற்றி இந்திய அரசு 2000-இல் இயற்றிய விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியிற் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல்லுக்கு மேல் ஒலி எழலாகாது. கல்விச்சாலையும் மருத்துவமனையும் உள்ள அமைதிப் பகுதியில் 50, 40 என்பனவே எல்லை. அரசு சில பண்டிகை நாட்களுக்கு விலக்களித்தாலன்றி, இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விதி தெளிவாகவே இருக்கின்றது. திருவிழாவிலும், கன்வென்ஷன் கூட்டத்திலும், மஞ்சள் நீராட்டிலும், தேர்தலிலும் அவ்விதி எந்நிலையில் இருக்கின்றது என்பதைப் பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கர் நன்கறிவர். சமயத்தார் எவரும் பிற சமயத்தாரைச் சுட்டுமுன், தம் கோபுரத்துக் குழாயை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நலம்.

பயணமும் இத்தகையதே. சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகருக்கு நாள்தோறும் தொடர்வண்டியிற் செல்வோரை உல்ஃப் லுண்ட்பெர்க் என்னும் ஆராய்ச்சியாளர் 1970-களில் ஆய்ந்தார். தொடக்க நிலையத்தில் ஏறுவோர்க்குப் பயணம் நெடிது. வழியில் ஏறுவோர்க்கு அதனிற் பாதியளவே. நெடும்பயணம் செய்தவரே மிகுதியாய்க் களைத்திருத்தல் வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். சிறுநீரில் அட்ரினலினை அளந்து பார்த்தபொழுது, வழியில் ஏறியவரிடமே அது மிக்கிருந்தது. ஏன்? தொடக்கத்தில் ஏறுவோர் காலியான வண்டியில் விரும்பிய இடத்தில், விரும்பியவருடன் அமர்ந்து, மூட்டையை வைத்துச் செய்தித்தாளை விரித்துவிடுகின்றனர். இடையில் ஏறுவோர் எஞ்சிய இடத்திற் புகுந்து நிற்கவேண்டும். நம் கல்லூரிக்குப் பேருந்து நிலையத்தில் ஏறி வரும் மாணவரையும், மூன்றாம் நிறுத்தத்தில் நின்று, வண்டி நிற்குமோ நில்லாதோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்துப் படிக்கட்டில் தொங்கி வரும் மாணவரையும் முதற் பாட வேளையில் முகத்தைக் கண்டே பிரித்துணரலாம்.

அலுவலகத்தைப் பற்றி வழங்கும் எண்ணம் ஒன்று உண்டு. உயர் அதிகாரிகளே மிகுந்த பொறுப்பால் நலிகின்றனர். கடைநிலை ஊழியர் கவலையின்றிக் காலங் கழிக்கின்றனர் என்பது அது. 1967-இல் லண்டன் நகரத்து அரசாங்க அலுவலகங்களிற் பணியாற்றிய 17,000-க்கு மேற்பட்ட ஆடவரைக் கொண்டு தொடங்கிய நெடிய ஆராய்ச்சி இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவரும் பிறரும் ஆண்டுகள் பல கணக்கெடுத்துப் பார்த்தபொழுது, உச்சியிலுள்ள அதிகாரிகளைக் காட்டினும் வாயிற்காவலரும் ஏவலரும் இதயநோயால் ஏறத்தாழ மும்மடங்கு இறந்திருந்தனர். இடைநிலையினர் இடைப்பட்ட அளவில் இறந்தனர். புகைபிடித்தல் முதலிய பழக்கங்களைக் கழித்துப் பார்த்த பின்னரும் வேறுபாட்டிற் பெரும்பகுதி எஞ்சி நின்றது. 1985-இல் மகளிரையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி, தன் வேலையைத் தான் ஒழுங்குசெய்துகொள்ளும் உரிமை குறைந்தோரிடம் இதயநோய் மிகுதலை எடுத்துக் காட்டிற்று. அதிகாரிக்கு வேலை மிகுதிதான். ஆனால், எதனை முதலிற் செய்வது, எப்பொழுது தேநீர் அருந்துவது என்பன அவர் விருப்பம். மணியடித்தால் எழுந்து ஓடவேண்டியவர்க்கு அவ்விருப்பம் இல்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனை செய்யும் பெண்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அமர இடமின்றிப் பகல் முழுவதும் நின்றனர். அவர்க்கு இருக்கை அமைத்தல் கட்டாயம் என்று கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது 2021-இல்தான். ஒரு முக்காலியைப் பெறுதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

பணக்கவலையைப் பற்றி விரிவாகவே எழுதவேண்டும். ஏனெனில், இக்கல்லூரியிற் பலரை அஃது அடுத்திருக்கின்றது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிற் கரும்பு பயிரிடும் உழவர் 464 பேரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2013-இல் வெளியாயிற்று. கரும்பு விவசாயிக்கு ஆண்டில் ஒருமுறையே பெரும்பணம் கைக்கு வரும். வெட்டுமுன் கை வறண்டிருக்கும். வெட்டிய பின்னர்ச் செழித்திருக்கும். ஆலையார் வெட்டு உத்தரவை எல்லார்க்கும் ஒரே காலத்தில் கொடுப்பதில்லை. ஆதலின் வெயில் மழை முதலிய பருவ வேறுபாட்டால் நேர்ந்தது என்று கூற இடமில்லை. அதே உழவரை அறுவடைக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் அறிவுச் சோதனைக்கு உட்படுத்தினர். வடிவங்களின் ஒழுங்கைக் கண்டு விடுபட்டதை நிரப்புதல், கவனம் சிதறாமல் எண்களைக் கூறுதல் போன்ற சோதனைகள் அவை. அறுவடைக்கு முன்னர் அவ்வுழவர் மெதுவாகவும் பிழைபடவும் செய்தனர். பின்னர் விரைவாகவும் சரியாகவும் செய்தனர். முன்னர் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே. மனிதர் அவரே, மூளையும் அதுவே. அடகுக் கடையும் வட்டியும் அம்மூளையிற் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தன.

விடுதிக் கட்டணம் நிலுவையில் உள்ள மாணாக்கன் வகுப்பில் அமர்ந்திருக்கின்றான். பெயர் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றது. ஆசிரியர் வினவிய வினா அவன் செவியில் விழுகின்றது, கருத்தில் ஏறவில்லை. அவனைக் ‘கவனமில்லாதவன்’ என்று பதிவேட்டில் குறிக்குமுன் அக்கரும்பு வயல்களை ஆசிரியப் பெருமக்கள் நினைத்துக்கொள்ளல் வேண்டும். கட்டணத்தை அறவே விடுதல் எல்லா நிறுவனங்களாலும் இயலாது. அதனை நான்கு தவணையாக்கி, தவணை நாளை முன்னரே சொல்லி, பலகையிற் பெயரெழுதும் வழக்கத்தை ஒழித்தல் எவராலும் இயலும். பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் அளிக்கும் உதவித்தொகையைப் பரிசளிப்பு விழாவில் மாலையிட்டுக் கொடுத்தலினும், கட்டணம் கட்டும் மாதத்தில் ஓசையின்றிக் கொடுத்தல் மிக்க பயன் தரும்.

வீட்டின்கண் நிகழ்வது பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை. இந்திய அரசு 2019-இல் மக்கள் தம் நேரத்தை எங்ஙனம் செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டனர். பெத்தானியா ஊர் மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் அவள் பலவற்றைக் குறித்துக் கலங்கியதையே எடுத்துக் கூறுவர். அன்று விருந்தினர்க்குச் சமைக்க அவ்வீட்டில் வேறு எவர் இருந்தனர் என்று கேட்பாரைக் காண்பது அரிது. நம் வகுப்பிலுள்ள மாணவியர் பலர் மாலையில் வீடு சென்று பாத்திரம் துலக்கி, தம்பி தங்கையரைப் பார்த்து, ஒன்பது மணிக்குமேற் புத்தகத்தை எடுக்கின்றனர். அவருடன் பயிலும் தமையன்மார் ஆறு மணிக்கே எடுத்துவிடுகின்றனர்.

கைபேசியைப் பற்றிப் பலரும் பலபடப் பேசிவிட்டமையால், யாம் ஒன்றே கூறி அமைவோம். பண்டு வேலைக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலைக் கடந்தால் வேலை முடிந்தது. இன்று வகுப்புக் குழுவிலும் துறைக் குழுவிலும் செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. நூறு செய்தியுள் ஒன்றே நமக்குரியது. எது அந்த ஒன்று என்று தெரியாமையால் நூறையும் பார்க்கவேண்டும். ஒலி கேளாத கூட்டிலிருந்த எலியின் நிலை இது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்பொழுது ஆசிரியர் ஒருவர் சட்டைப் பையிலுள்ள கருவி அதிர, அவர் முகம் மாறுதலைக் கண்டிருக்கின்றோம். ஓய்வுநாளை ஏற்படுத்தியவர்கள் அதற்கு ஒரு கிழமையைக் குறித்தே ஏற்படுத்தினர். நேரம் கிடைத்தபொழுது ஓய்ந்திருங்கள் என்று விட்டுவிடவில்லை. இரவு எட்டு மணிக்குமேற் குழுவிற் செய்தி இடுவதில்லை என்று ஒரு துறையார் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ளின், அதனால் எந்தப் பல்கலைக் கழகமும் கவிழ்ந்துவிடாது.

இங்ஙனம் கூறுதலால் அழுத்தமே கூடாது என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908-இல் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனையில், கடினமான பாடத்தைக் கற்றற்கு மிகையான தூண்டுதலும் உதவவில்லை, மிகக் குறைந்த தூண்டுதலும் உதவவில்லை, இடைப்பட்டதே உதவிற்று. பரீட்சையே இல்லாத கல்லூரியில் எத்துணைப் பேர் நூலகம் செல்வர் என்பதை நூலகத்தாரே கூறுதல் வேண்டும். பரீட்சை என்பது நாள் குறித்து வரும் அழுத்தம். வரும் நாளும் தெரியும். முடியும் நாளும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நாள் குறியாமல் நிற்பனவே மாணவனை அரிக்கின்றன. உள்மதிப்பெண் எவ்வாறு இடப்படுகின்றது? எந்தப் பகுதி வரையிற் பாடம்? விடைத்தாள் எப்பொழுது திரும்பி வரும்? முடிவு இன்றோ, நாளையோ, அடுத்த மாதமோ? பட்டம் பெற்று வெளியேறிய பின்னரும், அரசுப் பணித் தேர்வு எழுதிவிட்டு முடிவை நோக்கிக் காத்திருக்கும் நம் பழைய மாணவர் நூற்றுக்கணக்கில் உளர். அவர்க்குத் திருமணமும் நிற்கின்றது, வேறு வேலைக்குச் செல்லுதலும் நிற்கின்றது. தோல்வி என்று தெரிந்துவிடின் வேறு வழி பார்க்கலாம்; தெரியாமை அவரைக் கட்டிப்போடுகின்றது.

ஒரு சிலர்க்கு அழுத்தம் அழுத்தமாகவே நில்லாமல் நோயாய் முற்றுதலும் உண்டு. இரண்டு வாரத்திற்குமேல் உறக்கம் பிடியாமை, உணவில் வெறுப்பு, விரும்பிய எதிலும் விருப்பம் எழாமை, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஆகிய இவை தோன்றின், நேர அட்டவணையும் அறிவுரையும் போதா. மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிற் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாதவர் இதற்கு நாணுதல் பொருந்தாது. அறைத்தோழன் பல நாளாகப் பேசாமற் சுவரை நோக்கிப் படுத்திருப்பின், அவன் வாய் திறக்கும் வரை காத்திராமல் உடன் அழைத்துச் செல்லுதல் பக்கத்துக் கட்டிலிற் கிடப்பவன் கடமை.

நீர்க்குழாயையும் பேருந்தையும் தேர்வாணையத்தையும் நம் கல்லூரியார் திருத்திவிட இயலாது. எனினும், இவ்வாண்டு உள்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளையும், உள்மதிப்பெண் இடும் முறையையும், கட்டணத் தவணை நாட்களையும் பருவத் தொடக்கத்திலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். குறித்த நாளில் வெளியிட இயலாமற்போயின், புதிய நாளை எழுதி அதன்மேல் ஒட்டலாம். ஒரு தாளும் நான்கு குண்டூசியும் இதற்குப் போதும். பலகை முதன்மைக் கட்டடத்தின் முகப்பிலேயே இருக்கின்றது.